உங்களுக்குத் தெரியுமா? – ஆடிக் காற்றில் பழைய வேன்

ஆடித் தபசுத் திருவிழா நெருங்கிவிட்டால் சங்கரன்கோவிலைச் சுற்றிக் காலியாகக் கிடக்கும் இடமெல்லாம் வேன் நிற்கும். பின்கதவைத் திறந்தால் கேஸ் அடுப்பு, அண்டா, பாய், தலையணை, தண்ணீர்க் கேன். சமையலும் அங்கேதான், இரவுத் தூக்கமும் அங்கேதான். வெளிநாடுகளில் கேம்பர் வேன் என்று விற்கிற வசதியை நம் குடும்பங்கள் பழைய டெம்போ டிராவலரிலும் ஆம்னியிலும் தாங்களே செய்துகொள்கின்றன. அந்த வேன்கள் அலம்பாமல், சாயாமல், இழுத்த பக்கம் போகாமல் ஊர் திரும்ப வேண்டும். இந்தத் துணுக்குகள் அதற்காக.

● காற்று வரும் வாசல்

தமிழ்நாட்டில் மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுக்கும் இடைவெளிகளில் காற்றாலைக்காரர்கள் பெரிதாகச் சொல்வது நான்கு: பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி. சங்கரன்கோவில் வட்டாரம் செங்கோட்டைக் கணவாயின் காற்றுப் பாதையில் இருக்கிறது. மே கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளியில் நெருக்கி நுழைந்து, வேகம் கூடி, கரிசல் வெளியில் பரவுகிறது. சாலையோரக் காற்றாலைகள் நிற்பதே இதற்குச் சாட்சி. கயத்தாறில் காற்றாலைச் சோதனை நிலையம் வைக்கும் அளவுக்கு இந்தப் பக்கக் காற்று பெரியது. ஆடி மாத உத்திராடத்தில் வரும் தபசு, காற்று உச்சத்தில் இருக்கும் நாட்களில்தான் விழுகிறது. வருஷம் முழுக்க நிற்கும் வேன் வெளியே கிளம்புவதும் அதே நாட்களில்தான்.

● காற்றின் தள்ளல் எத்தனை கிலோ?

5 மீட்டர் நீளமும் 2 மீட்டர் உயரமும் உள்ள வேனின் பக்கவாட்டுப் பரப்பு 10 சதுர மீட்டர். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் நேர்ப் பக்கமாக அடிக்கும் காற்று அதன் மேல் ஏறத்தாழ 60 கிலோ எடை அளவுக்கு அழுத்தும். காற்று 54 கி.மீ. ஆனால் அழுத்தம் 135 கிலோ. காற்றின் வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது. தள்ளல் இரண்டே கால் மடங்காகிவிட்டது. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால் வரும் கணக்கு இது.

● இந்தத் தள்ளல் வண்டியின் நட்ட நடுவில் விழுவதில்லை. முகம் தட்டையான வேன்களில் அது எடை மையத்துக்குச் சற்று முன்னால் விழுகிறது. அதனால் வண்டி பக்கவாட்டில் நகர்வதோடு, மூக்கையும் காற்று போகும் திசைக்குத் திருப்புகிறது. பின்பக்கம் சாமான் அதிகமாகி முன்சக்கரத்தில் எடை குறைந்த வேனில் இந்தத் திருப்பல் இன்னும் மோசம்.

● ஆபத்து அதிகமுள்ள இடம் எப்போதும் காற்று அடிக்கும் சாலை அல்ல. காற்று திடீரென்று தொடங்கும் இடம். புளியமர வரிசை முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடம், பாலத்தின் நடுப்பகுதி, எதிரே வந்த லாரி கடந்து போன மறுகணம். அந்த இடங்களுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை உறுதியாக, ஆனால் விறைக்காமல் பிடித்திருந்தால் போதும். அடித்த பின் பிடித்து ஒடிப்பதுதான் வண்டியை எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விடுகிறது.

● கரிசல் மண் சாலையை அலையாக்குகிறது

கோவில்பட்டி, கழுகுமலை, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் வகை நிறைய உண்டு. மழையில் ஊதும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். மேலே போட்ட தார்ச்சாலை சில வருஷத்தில் மேடும் பள்ளமுமாக நீள அலை எடுத்துவிடும். குழி கண்ணுக்குத் தெரியும், அலை தெரியாது. ஷாக் அப்சார்பர் செத்த வேன் ஓர் அலையில் ஏறி இறங்கி, அந்த ஆட்டம் அடங்குவதற்குள் அடுத்த அலையில் ஏறுகிறது. ஆட்டம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கூடுகிறது. அந்த நேரம் பார்த்துப் பக்கக்காற்றும் சேர்ந்தால் டிரைவர் என்ன செய்வார்?

● மேல் கேரியர்: கணக்குப் போட்டுப் பாருங்கள்

பழைய வேனைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். சாமானைக் கீழே இறக்குங்கள்.

2,000 கிலோ எடையுள்ள ஒரு வேனின் எடை மையம் தரையிலிருந்து 80 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூரைக் கேரியரில், 2.4 மீட்டர் உயரத்தில், 200 கிலோ ஏற்றுகிறோம். அரிசி மூட்டை, அண்டா, சிலிண்டர், பந்தல் துணி எல்லாம் சேர்த்தால் 200 கிலோ சுலபமாக வந்துவிடும். எடை மையம் இப்போது 94.5 செ.மீ. அதே 200 கிலோவைத் தளத்தில் சீட்டுக்கு அடியில், 60 செ.மீ. உயரத்துக்குள் வைத்தால் மையம் 78 செ.மீ.க்கு இறங்குகிறது. சாமான் ஒன்றே, எடை ஒன்றே; வைத்த இடத்தால் மட்டும் வித்தியாசம் 16 செ.மீ.க்கு மேல்.

வளைவில் வண்டி எப்போது சாயும் என்பதை முதன்மையாகத் தீர்மானிப்பது இடது வலது சக்கரங்களின் இடைவெளியில் பாதியை எடை மையத்தின் உயரத்தால் வகுத்து வரும் எண். இடைவெளி 1.5 மீட்டர் என்றால் வெறும் வேனுக்கு அந்த எண் 0.94. கேரியரில் ஏற்றிய வேனுக்கு 0.79. இந்தக் குறைவை எந்த விலையுயர்ந்த ஸ்பிரிங்காலும் முழுதாக ஈடுகட்ட முடியாது. அதற்கு மேல் கேரியரில் ஆளையும் ஏற்றுவது கொடுமை. தயவுசெய்து செய்யாதீர்கள்.

● கேரியரில் தார்ப்பாய் கட்டினால் காற்று பிடிக்கும் பரப்பும் கூடுகிறது. உயரத்தில் விழும் தள்ளல் வண்டியைச் சாய்க்க அதிகம் உதவுகிறது. மெத்தை, தலையணை போன்ற கனமில்லாதவற்றை மட்டும், அதுவும் தாழ்வாக, மேலே கட்டலாம்.

● பின்பக்கத்துத் தொங்கல்

பின் ஆக்ஸிலுக்கு 1 மீட்டர் பின்னால் 100 கிலோ வைத்தால் பின்சக்கரங்கள் தாங்குவது 100 கிலோ அல்ல. முன், பின் ஆக்ஸில்களுக்கு இடையே 3 மீட்டர் உள்ள வேனில் பின்னால் 133 கிலோ ஏறும். முன்சக்கரங்களில் 33 கிலோ குறையும். ஸ்டியரிங் லேசாகிவிட்டது, நன்றாகத் திரும்புகிறது என்று சிலர் சந்தோஷப்படுவது இதனால்தான். உண்மையில் முன்டயருக்குச் சாலைப் பிடி குறைந்திருக்கிறது. இரவில் எதிரே வருபவர்கள் ஹெட்லைட்டைத் தாழ்த்தச் சொல்லிக்கொண்டே இருந்தால் பின்பக்கச் சுமையைச் சந்தேகியுங்கள்.

● அரைத் தண்ணீர்த் தொட்டி முழுத் தொட்டியைவிடப் பொல்லாதது. 100 லிட்டர் என்றால் 100 கிலோ. அது பாதி இருக்கும்போது வளைவில் ஒரு பக்கமாக ஓடிச் சேர்ந்து, வண்டி நிமிரும் நேரத்தில் மறுபக்கம் மோதுகிறது. பெரிய ஒற்றைத் தொட்டிக்குப் பதிலாக 20 லிட்டர் கேன்களை இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவில் நெருக்கி அடுக்கிக் கட்டுவது நல்லது. தொட்டிதான் வேண்டும் என்றால் உள்ளே தடுப்புத் தகடு வைத்ததாக இருக்கட்டும்.

● டயரின் பிறந்த தேதி

டயரின் பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளுக்குப் பின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர். சில உருப்படிகளில் அது உள்பக்கச் சுவரில் இருக்கும். டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். எப்போதாவது ஓடும் வேனுக்கு இந்தத் தேதி முக்கியம். ஓடாததால் பட்டன் தேயாது, ஆனால் ரப்பர் வெயிலில் கெட்டிப்பட்டுக்கொண்டே இருக்கும். பல தயாரிப்பாளர்கள் 5, 6 வருஷத்துக்கு மேல் ஆண்டுதோறும் பரிசோதனையும், 10 வருஷத்தில் கட்டாய மாற்றமும் சொல்கிறார்கள். ஓட்டத்தில் ஒரு டயர் வெடித்தால் உயரமான வேனைக் காப்பாற்றுவது மிகக் கடினம். நம் வெயிலுக்கு நான் 6 வருஷத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன்.

● காற்றின் அளவைக் கிளம்புவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். டயருக்குள் வெப்பம் 30 டிகிரி கூடினால் அளவு சுமார் 5 பி.எஸ்.ஐ. ஏறிக் காட்டும். பாதி வழியில் பெட்ரோல் பங்கில் அளந்து, கூடியிருக்கிறதே என்று இறக்கிவிடுவது பெரும் தவறு. அப்படி இறக்கிய டயர் இன்னும் வளைந்து, இன்னும் சூடாகும். நான்குக்கும் ஒரே அளவு என்பதும் சரியல்ல. சுமை ஏற்றிய வேனுக்குப் பின்டயரில் எவ்வளவு என்பது கதவோரச் சீட்டிலோ வண்டியோடு வந்த புத்தகத்திலோ இருக்கும்.

● விலை குறைவு என்று கார் டயரை வேனில் மாட்டுவது உண்டு. அளவு பொருந்தும், சுவர் தாங்காது. வேன் டயரில் அளவுக்குப் பக்கத்தில் ‘சி’ என்ற எழுத்தும், கூடுதலான சுமைக் குறியீட்டு எண்ணும் இருக்கும். சுவர் மெலிந்த டயரில் வண்டி வளைவில் ஒரு தாமதத்தோடு சாயும். ஆட்டத்துக்கு ஸ்பிரிங்கைக் குறை சொல்லிப் பணம் செலவழித்த பிறகும் அது போகாது. நைலான் டயரையும் ரேடியலையும் ஒரே ஆக்ஸிலில் கலந்து போடவே கூடாது.

● ஷாக் அப்சார்பர் வண்டியைத் தாங்குவதில்லை

தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பருக்கு வேலை ஆட்டத்தை அடக்குவது மட்டும். உள்ளே இருக்கும் ஆயில் சிறு துளைகள் வழியாக நெருக்கிப் போகும்போது ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிறது. மோசமான சாலையில் ஓடி வந்தவுடன் நான்கையும் தொட்டால் சூடு தெரியும். மூன்று சுட்டு ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்த ஒன்று வேலை செய்யவில்லை. (கவனமாகத் தொடுங்கள், நன்றாகவே சுடும்.) மூலையை அமுக்கிவிட்டுப் பார்க்கும் பழைய சோதனை முழுதாகச் செத்ததைத்தான் காட்டும்; பாதி செத்தது அதில் தப்பிவிடும். ஆயில் கசிந்த கறை இருந்தால் சோதனையே வேண்டாம். மாற்றும்போது ஓர் ஆக்ஸிலின் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். டயருக்கு அடுத்தபடி ஒரு பழைய வேனில் பணம் போடத் தகுந்த இடம் இது.

● பட்டறையில் கழற்றிப் போட்ட லாரியின் பட்டை ஸ்பிரிங் கொல்லரிடம் போனால் அருவாளாகிவிடும். மீண்டும் மீண்டும் வளைந்தும் ஒடியாத எஃகு என்பதால்தான் அதற்கு அந்த மதிப்பு. ஆனால் அந்த எஃகும் பல வருஷச் சுமையில் களைத்து வளைவு இழக்கிறது. வேனைச் சமதரையில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப் வைத்து அளந்து பாருங்கள். இடத்துக்கும் வலத்துக்கும் விரற்கடை அளவு வித்தியாசம் இருந்தால் ஒரு பக்கப் பட்டை உட்கார்ந்திருக்கிறது.

● கூடுதலாக ஒரு பட்டை வைத்தால் சரியாகிவிடுமா?

பின்பக்கம் நிமிரும், அவ்வளவுதான். ஸ்பிரிங் விறைப்பாகும்போது அதை அடக்க ஷாக் அப்சார்பருக்கும் கூடுதல் பலம் வேண்டும். பழையதே இருந்தால் வண்டி குதிக்கும். வெறும் வண்டியாகத் திரும்பும்போது பின்சக்கரம் சாலையை விட்டு எழும்பி, மழையில் வால் விலகும். உட்கார்ந்த பட்டையை மீண்டும் வளைத்துச் சூட்டுப்பதம் வைப்பதோ, அதே அளவில் புதிய செட் போடுவதோ மேல். ரப்பர் பை போன்ற காற்று ஸ்பிரிங்குகள் உண்டு. சுமைக்கேற்பக் காற்றைக் கூட்டிக் குறைக்கலாம் என்பது அவற்றின் நன்மை. அவையும் ஆட்டத்தை அடக்குவதில்லை.

● யு போல்ட்டும் நண்டு நடையும்

பட்டையையும் ஆக்ஸிலையும் சேர்த்துக் கட்டுவது யு போல்ட். இடத்தைப் பிடித்து வைப்பது நடுவில் இருக்கும் சென்டர் போல்ட். யு போல்ட் தளர்ந்தால் சென்டர் போல்ட் அறுபடும். ஆக்ஸில் சில மில்லிமீட்டர் நகரும். வேன் நண்டு மாதிரி ஓரச்சாய்வாக ஓடத் தொடங்கும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேதான் நேராகப் போக முடியும். இடது பக்கம் முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை அளந்து, வலது பக்கமும் அளந்தால் விஷயம் வெளியே வந்துவிடும். பட்டை வேலை பார்த்த வண்டியைச் சில நூறு கி.மீ. ஓடியதும் திரும்பப் பட்டறைக்குக் கொண்டுபோய் யு போல்ட்டை முடுக்க வேண்டும். இதற்கு யாரும் பெரிதாகக் காசு கேட்பதில்லை. ஆனாலும் பலர் போவதில்லை.

● ரப்பர் புஷ், பார்வைக்கு அற்பம். ஷேக்கிள் புஷ், ஷாக் புஷ், ஸ்டெபிலைசர் புஷ் எல்லாம் தேய்ந்த வேனில் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் விளையாட, டிரைவருக்கு மொத்தமும் ஒரு பெரிய அலம்பலாக வந்து சேர்கிறது. புது வண்டிக்கு இருந்த பிடிப்பு எங்கே போனது என்று தேடுபவர்கள் முதலில் புஷ்களைப் பார்க்கட்டும்.

● ஸ்டியரிங் பிளே

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 98ஆவது விதி, ஸ்டியரிங் சக்கரத்தில் வெற்று அசைவு 30 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. சட்டத்துக்கு அது எல்லை. ஆடிக் காற்றில் ஓடும் உயரமான வேனுக்கு அது மிக அதிகம் என்பது என் கருத்து. காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு பேர் போதும்: ஒருவர் உள்ளே ஸ்டியரிங்கை இடமும் வலமும் அசைக்க, மற்றவர் வெளியே இருந்து டை ராடு முனைகள், கிங் பின், ஸ்டியரிங் பாக்ஸ் எங்கே அசைவு விழுங்கப்படுகிறது என்று பார்க்கலாம். பாக்ஸை முடுக்குவது எளிது என்பதால் எல்லோரும் அதையே முடுக்குகிறார்கள். பெரும்பாலும் தேய்மானம் டை ராடில்தான் இருக்கும். கிங் பின் உள்ள பழைய வண்டிகளில் கிரீஸ் அடிப்பதை மறந்தால் ஸ்டியரிங் வளைவிலிருந்து தானாக நேருக்குத் திரும்பாது.

● வீல் அலைன்மென்ட் வெறும் வண்டியில் பார்த்துவிட்டு 12 பேரையும் சாமானையும் ஏற்றினால் சக்கரக் கோணங்கள் மாறிவிடும். வழக்கமாக ஏற்றும் சுமையோடு கொண்டுபோய்ப் பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்த பாகங்களை மாற்றிய பிறகுதான் அலைன்மென்ட். முன்னால் செய்தால் வீண்.

● இரண்டு சக்கரங்களையும் ஒரு முறுக்குக் கம்பியால் இணைத்து வண்டியின் சாய்வைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாருக்கு 1919இலேயே காப்புரிமை வாங்கியவர் கனடாவின் ஃபிரெடெரிக்டன் நகரத்து ஸ்டீபன் கோல்மன். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கினால் அந்தக் கம்பிக்கு வேலை இல்லை. ஒன்று மட்டும் ஏறும்போது முறுகி எதிர்க்கும். பின்பக்கத்துக்கு மட்டும் தடித்த கம்பி போடச் சொல்பவர்களிடம் ஜாக்கிரதை: பின்பக்கம் மட்டும் விறைத்த வேன் ஈரச் சாலையில் வாலை வீசும்.

● நம் வேன்களின் பூர்வீகம்

டெம்போ டிராவலர் இந்தியாவில் 1987இல் வந்தது. ஜெர்மனியில் 1977இல் வந்த மெர்சிடிஸ் பென்ஸ் டி1 வேனின் வடிவம் அது. அன்று பஜாஜ் டெம்போ என்றிருந்த நிறுவனம் 2005 முதல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ். முன்னும் பின்னும் பட்டையில் உட்கார்ந்த முழு ஆக்ஸில். சுமைக்கும் மோசமான சாலைக்கும் தாங்கும். 1984இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து 2019 வரை ஓடிய ஆம்னியின் அகலம் 1.41 மீட்டர், உயரம் 1.64 மீட்டர். அகலத்தைவிட உயரம் கூடிய வண்டியின் மேல் கேரியர் வைப்பதை யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

● உலகம் கொண்டாடும் ஃபோக்ஸ்வாகன் வேனுக்கும் இதே பாடு உண்டு. 1950இல் வந்த முதல் தலைமுறையில் எஞ்சின் பின்னால். பின் ஆக்ஸில் இரண்டு பாதியாக ஊசலாடும் வகை. வளைவில் உடல் எழும்பினால் பின்சக்கரம் உள்ளே மடங்கும். 1967இல் வந்த இரண்டாம் தலைமுறையில் இரட்டை மூட்டுள்ள ஆக்ஸிலாக மாற்றினார்கள். அந்த மாற்றத்துக்குப் பிறகும் அந்தப் பழைய வேன்களின் உரிமையாளர்கள் பக்கக்காற்றுக்குப் பயந்துதான் ஓட்டுகிறார்கள்.

● 1997இல் ஸ்வீடன் நாட்டுப் பத்திரிகை ஒன்று, சாலையில் திடீரென மான் வந்தால் ஒதுங்குவது போன்ற சோதனையைப் புத்தம் புதிய மெர்சிடிஸ் ஏ கிளாஸில் செய்தபோது கார் கவிழ்ந்தது. நிறுவனம் கார்களைத் திரும்ப அழைத்து மின்னணு நிலைப்புக் கருவி பொருத்திக் கொடுத்தது. நம் பழைய வேன்களில் அந்தக் கருவி இல்லை. குறுக்கே ஆடு வந்தாலும் நாய் வந்தாலும் நேர்கோட்டில் பிரேக் பிடியுங்கள். உயரமான வேனில் சடாரென்று இடமும் வலமும் ஒடிப்பதுதான் உயிரை எடுக்கிறது.

● புளியரை எஸ் வளைவு

குற்றாலம் முடித்துக் கேரளா பக்கம் கடப்பவர்களுக்கும், சபரிமலை போகிறவர்களுக்கும் செங்கோட்டை தாண்டியதும் வரும் இந்த வளைவு தெரியும். வளைவில் பக்கவாட்டு விசையும் வேகத்தின் வர்க்கத்தோடுதான் கூடும்: 30இல் எடுத்ததை 40இல் எடுத்தால் விசை கிட்டத்தட்ட 1.8 மடங்கு. வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே குறைத்து, கியரை இறக்கி, வளைவுக்குள் ஒரே சீராகப் போனால் சாமான் ஒருபக்கம் சரியாது. இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது டீசல் மிச்சமல்ல. எஞ்சின் பிடி போய்ப் பிரேக் ஒன்றே மிஞ்சும், அதுவும் சூடேறிப் பலமிழக்கும்.

● சட்டம்

வேனின் அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு அனுமதிப்பதில்லை. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வேனைப் படுக்கை, அடுப்போடு முழு கேரவனாக மாற்ற நினைப்பவர்களுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற தனித் தர நெறி இருக்கிறது. டி.என். 79 பதிவெண் வண்டி என்றால் சங்கரன்கோவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். தேய்ந்த ஷாக், புஷ், டயர் ஆகியவற்றை அதே வகையில் புதிதாக மாற்றுவது பராமரிப்பு. அதற்கு யாரிடமும் அனுமதி வேண்டாம்.

● பக்கக்காற்று பெரும்பாலும் நடுப்பகல் தொடங்கிச் சாயங்காலம் வரை வலுக்கும். விடியலில் கிளம்பி 10 மணிக்குள் வெட்டவெளிச் சாலையைத் தாண்டிவிடுவது காசில்லாத வைத்தியம்.

● வேலையை எல்லாம் ஒரே நாளில் செய்துவிட்டால் எது பலன் தந்தது என்று தெரியாது. முதல் வாரம் சாமானை இறக்கி, டயர்க் காற்றைச் சரிபாருங்கள். பிறகு டயர், அதன் பின் ஷாக், புஷ், கடைசியில் பட்டையும் அலைன்மென்டும். ஒவ்வொன்றுக்கும் பின் அதே சுமையோடு அதே சாலையில், அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். ராஜபாளையம் சாலையோ கழுகுமலை சாலையோ, உங்களுக்குப் பழகிய ஒன்று. கடைசிச் சீட்டில் உட்காருபவரிடமும் கேளுங்கள். வேனின் ஆட்டம் டிரைவரைவிட அவருக்குத்தான் முதலில் தெரியும்.